கல்லும் படியும்: பரங்கிமலை அடிவாரத்திலிருந்து ஒரு திறனாய்வு

தாம்பரத்தில் மின்தொடர் வண்டி ஏறிக் கடற்கரை நோக்கிப் பயணம் செய்வோர், பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம் ஆகிய நிலையங்களைக் கடந்ததும் இடப்புறமாகப் பரங்கிமலையைக் காண்பர். அத்திசை நோக்கிச் சிலுவை அடையாளம் வரைந்துகொள்ளும் நம் மக்களை அவ்வண்டியில் நாம் பன்முறை கண்டிருக்கிறோம். மலையுச்சி ஆலயத்தின் பீடத்தில் பதிக்கப்பெற்றுள்ள கற்சிலுவையே அவர்களின் நினைவில் நிற்பது. 1547-ஆம் ஆண்டு, பழைய இடிபாடுகளின்மேல் ஆலயம் எழுப்பத் தோண்டிய போர்த்துக்கீசியர் கண்டெடுத்த கல் அது. மொட்டு விரியும் முனைகளைக் கொண்ட சிலுவை, அதன்மேல் இறங்கிவரும் புறா, அடியில் கவிழ்ந்து விரிந்த தாமரை இதழ்கள், இருபுறமும் தூண்கள், தூண்களின்மேல் மகரங்கள், அம்மகரங்களின் வாயிலிருந்து எழும் தோரண வளைவு, வளைவின் ஓரமாகப் பஹ்லவி எழுத்துகள். தோரணம் நம் மண்ணின் சிற்ப மரபு. எழுத்து பாரசீக நாட்டினுடையது. இரண்டும் ஒரே கல்லில் நம் ஆண்டவரின் சிலுவையைச் சூழ்ந்து நிற்கின்றன.

இச்சிலுவையைத் தோமையாரே செதுக்கினார் என மரபு கூறுகிறது. எழுத்தின் வடிவத்தை ஆய்ந்தோரில் பலர் ஏறத்தாழ 7 அல்லது 8-ஆம் நூற்றாண்டினது என மதிப்பிடுகின்றனர். இந்த வேறுபாட்டைத் தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும் மலைக்குப் பெயர் தந்த திருத்தூதரை நினைக்கும்போது ஒரு செய்தியை மறக்க இயலாது. பிறர் கண்டு சொன்னதை அவர் ஏற்கவில்லை. தம் விரலால் தொட விரும்பினார். ஆண்டவரும் அவ்விருப்பத்தைக் கடிந்து தள்ளாமல், தம் காயங்களை அவர்முன் நீட்டினார் என யோவான் நற்செய்தி நமக்கு உரைக்கிறது.

தொட விரும்பிய திருத்தூதரின் மலையடியில் வாழும் நாம், இன்று புதியதொரு கேள்வியைச் சந்திக்கிறோம். பழைய கட்டடங்களின் கற்சிற்பங்களை ஒளிப்படங்களாலும் லேசர் ஒளியாலும் அளந்து, கணினியில் முப்பரிமாண உருவங்களாக ஆக்குகின்றனர். அவ்வுருவத்தைத் திரையில் திருப்பலாம், பெருக்கலாம், விளக்கொளியை எப்பக்கத்திலிருந்தும் பாய்ச்சலாம். தொட மட்டும் முடியாது. இத்தகைய படிகளை எவ்வாறு மதிப்பிடுவது? ஓவியத்தையும் கவிதையையும் திறனாய்வு செய்ய நம்மிடம் அளவுகோல்கள் உள்ளன. கல்லின் கணினிப் படியை ஆய நம்மிடம் அளவுகோல் உண்டா? இக்கேள்வி நமக்கு வெறும் ஆர்வத்தால் எழுந்ததன்று. நம் சொந்தக் குற்றமொன்றிலிருந்து எழுந்தது. அதனைப் பின்னர் கூறுவோம்.

முதலில், இப்படிகள் எவ்வாறு உருவாகின்றன என்பதை அறிந்துகொள்வது நலம். நம் இரு கண்களும் ஒரே பொருளைச் சற்றே வேறுபட்ட இரு கோணங்களில் காண்பதால் ஆழம் நமக்குப் புலப்படுகிறது. ஒரு சிற்பத்தைச் சுற்றிவந்து, ஒன்றின்மேல் ஒன்று பெரும்பகுதி படியுமாறு நூற்றுக்கணக்கான படங்களை எடுத்தால், கணினி அவற்றில் பொதுவான புள்ளிகளைத் தேடிப் பொருத்தி, ஒவ்வொரு புள்ளியும் வெளியில் எங்கே நிற்கிறது எனக் கணக்கிடுகிறது. இலட்சக்கணக்கான புள்ளிகள் சேர்ந்து வலைபோன்ற மேற்பரப்பாகின்றன; அதன்மேல் கல்லின் நிறம் போர்த்தப்படுகிறது. அருகில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்தாலன்றிச் சிற்பம் ஓர் அடியா, ஓர் ஆள் உயரமா என்பதைப் படங்கள் மட்டும் சொல்லமாட்டா.

இம்முறையின் தொடக்கமே ஓர் ஆலயத்தில்தான். 1858-இல் செருமனியின் வெட்ஸ்லார் பேராலயத்தை அளந்துகொண்டிருந்த ஆல்பிரெக்ட் மைடன்பௌவர் என்னும் இளம் கட்டடக் கலைஞர், உயரத்திலிருந்து விழ இருந்து மயிரிழையில் உயிர் தப்பினார். சுவரில் தொங்கிக் கையால் அளப்பதற்குப் பதிலாக ஒளிப்படத்திலிருந்து அளக்கக் கூடாதா என்னும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. 1885-இல் பிரஷ்ய அரசு அவர் தலைமையில் அதற்கென ஒரு நிறுவனத்தையே அமைத்தது. இரண்டாம் உலகப் போரில் சிதைந்த கட்டடங்களைச் சீரமைத்தபோது அந்நிறுவனத்தின் படங்கள் பெரிதும் உதவின.

நம் நாட்டிலும் கல்லுக்குப் படி எடுக்கும் பழக்கம் புதியதன்று. கல்வெட்டு அறிஞர்கள் கல்லைக் கழுவி, ஈரத்தாளை அதன்மேல் விரித்து, தூரிகையால் தட்டிப் பள்ளங்களில் பதியவைத்து, பின் மையை ஒற்றி எடுக்கின்றனர். கருந்தாளில் வெண்ணிற எழுத்துகள் எழுகின்றன. இதுவே மைப்படி. உல்ட்ஸ் என்னும் அறிஞர் 1890-இல் தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதியை வெளியிட்டார். அன்றுமுதல் நம் வரலாற்று நூல்களுக்கு அடிப்படை தந்தவை இத்தகைய தாள்களே. கல் உடைந்து, மைப்படி மட்டும் எஞ்சிய ஊர்களும் உண்டு. அத்தாளின் சிறப்பு ஒன்றை இங்கே குறிக்கவேண்டும். எழுத்து சிதைந்த இடத்தில் மைப்படியும் சிதைந்தே நிற்கும். ஈரத்தாள் தான் தொடாத எழுத்தைத் தானே படைத்துக்கொள்வதில்லை.

கணினிப் படியோ படைக்க வல்லது. ஆழமாகக் குடைந்த சிற்பத்தின் பின்புறத்தை ஒளிப்படக் கருவி காண இயலாது. எண்ணெய் ஊறிப் பளபளக்கும் கருங்கல்லில் ஒளி தெறிப்பதால் புள்ளிகள் பொருந்தாமல் போகும். அத்தகைய இடங்களில் வலையில் ஓட்டைகள் விழுகின்றன. மென்பொருள் அவ்வோட்டைகளைச் சுற்றியுள்ள பரப்பை நீட்டி அழகாக மூடிவிடுகிறது. பார்ப்பவருக்கு எது அளந்தது, எது இட்டு நிரப்பியது என்பது தெரிவதில்லை. இப்போது செயற்கை நுண்ணறிவும் சேர்ந்துகொண்டது. தேய்ந்துபோன வானதூதரின் முகத்திற்குக் கண்ணும் மூக்கும் நொடியில் தருகிறது. எவருடைய கண், எவருடைய மூக்கு என்று மட்டும் சொல்வதில்லை.

நம் மலைச் சிலுவையின் வரலாறே இதற்கு நல்ல எச்சரிக்கை. 16-ஆம் நூற்றாண்டில், அதன் எழுத்துகளைப் படிக்க அறியாத போர்த்துக்கீசியருக்கு உள்ளூர்ப் பண்டிதர் ஒருவர் அவற்றைப் படித்துச் சொன்னார் எனப் பழைய குறிப்புகள் கூறும். ஒரு தோரண வளைவில் அடங்கிய சில எழுத்துகளிலிருந்து மீட்பு வரலாற்றையும் தோமையாரின் வரலாற்றையும் நீண்ட கதையாக அவர் வருவித்தார். கேட்டவர்கள் மகிழ்ந்தனர், அவர்கள் கேட்க விரும்பியதே அது. 1873-இல் பர்னெல் என்னும் அறிஞர் அவ்வெழுத்து பஹ்லவி எனக் கண்டு வெளியிட்ட பின்னரே, பண்டிதர் படித்தது கல்லில் இல்லாதது என்பது தெளிவாயிற்று. அவரை நாம் ஏளனம் செய்யவில்லை. ஓட்டையைக் கண்டால் நிரப்ப விரும்புவது மனித இயல்பு. அவ்வியல்பே இன்று மென்பொருளில் குடிபுகுந்துள்ளது.

ஆகவே நம் முதல் அளவுகோல் இது: தான் அறியாததை அறிக்கையிடும் படியே நல்ல படி. இரண்டாவது அளவுகோலைத் திருச்சபையின் பழைய விவாதம் ஒன்றிலிருந்து பெறலாம். 787-இல் கூடிய இரண்டாம் நிசேயா திருச்சங்கம், திருவுருவங்களுக்குச் செய்யும் வணக்கம் அவ்வுருவத்தோடு நின்றுவிடாமல் அது யாரைக் குறிக்கிறதோ அவரைச் சென்றடைகிறது எனத் தெளிவுபடுத்தியது. உருவத்தின் பெருமை அதன் வழிநடத்தும் ஆற்றலில் உள்ளது. கல்லின் படியும் அவ்வாறே. பார்ப்பவரை மூலக் கல்லிடம் அனுப்பிவைத்தால் அது தன் கடமையைச் செய்கிறது. கல்லே இனி வேண்டாம் என்னும் மனநிறைவைத் தந்தால், அது நம்மை ஏமாற்றுகிறது.

இவ்விரு அளவுகோல்களைக் கொண்டு உலகறிந்த சில படைப்புகளைப் பார்ப்போம்.

சிரியா நாட்டின் பல்மைரா நகரில், உரோமைப் பேரரசுக் காலத்து வெற்றி வளைவு ஒன்று இலை, கொடி, முத்துக்கோவை எனக் கல்லில் செறிந்த அணிவேலையோடு நின்றது. 2015 அக்டோபரில் தீவிரவாதிகள் அதனை வெடிவைத்துத் தகர்த்தனர். ஆறே மாதங்களில், 2016 ஏப்ரலில், இலண்டனின் டிரஃபால்கர் சதுக்கத்தில் அதன் படி எழுந்தது. பழைய ஒளிப்படங்களிலிருந்து கணினியில் உருவாக்கி, இத்தாலியில் இயந்திரத்தால் எகிப்தியப் பளிங்கில் செதுக்கிய வளைவு; மூலத்தின் மூன்றில் இரண்டு பங்கு அளவுடையது. அழிவுக்கு விடையாக அதைக் கண்டு வியந்தோர் பலர். நாம் அதன் படங்களை உற்று நோக்கியபோது மனம் நிறையவில்லை. ஆயிரத்து எண்ணூறு ஆண்டு வெயிலும் மணலும் தின்ற விளிம்புகள் அங்கே மழமழவெனச் சீராக இருந்தன. எந்த இலை ஒளிப்படத்தில் அளந்தது, எந்த இலை ஊகத்தில் விளைந்தது என்பதை அந்த வளைவு பார்ப்பவருக்குச் சொல்லவில்லை. நாடு நாடாகச் சென்று பாராட்டுப் பெற்ற அதைக் கண்டபோது, 2015 ஆகஸ்டில் பல்மைராவில் கொலையுண்ட காலித் அல் அசாத் நம் நினைவுக்கு வந்தார். எண்பது வயதைக் கடந்த தொல்லியல் அறிஞர் அவர். மறைத்துவைத்த தொல்பொருள்களின் இருப்பிடத்தைச் சொல்ல மறுத்ததால் கொல்லப்பட்டார் எனச் செய்திகள் கூறின. கல்லுக்குக் காவலாக அருகிலேயே நின்ற மனிதர் ஒருவர். தொலைவில் ஒரு சதுக்கத்தில் சில நாள் நின்ற படி ஒன்று. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க நம்மால் இயலவில்லை.

இரண்டாவது, நம் நாட்டுச் சாஞ்சியின் கிழக்குத் தோரண வாயில். 1869, 1870 ஆண்டுகளில் ஆங்கிலேய அலுவலர் ஹென்றி கோல் அதன்மேல் சாந்து அச்சுகள் எடுத்தார். அவற்றிலிருந்து வார்த்த படிகள் இலண்டனுக்கும் பெர்லினுக்கும் சென்றன. 2022 டிசம்பரில், பெர்லின் நகரின் ஹம்போல்ட் அரங்கின் வாயிலில், அச்சாந்துப் படியைக் கணினியில் அளந்து, இயந்திரமும் கல்தச்சரும் சேர்ந்து செதுக்கிய கல்வாயில் ஒன்று எழுப்பப்பட்டது. கல் சாந்தாகி, சாந்து எண்களாகி, எண்கள் மீண்டும் கல்லாயின! நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே மூலத்தின் உடலில் ஒட்டி எடுத்த அச்சு என்பதால், அதில் நேர்மையான அளவு இருக்கிறது. தான் ஒரு படியின் படி என்பதையும் அது மறைக்கவில்லை. சாஞ்சியில் மூலம் இன்னும் நிற்கிறது. பெர்லினில் காண்பவர் ஒருநாள் சாஞ்சிக்கு வர விரும்பலாம். முதல் அளவுகோலில் இது பல்மைரா வளைவைவிட உயர்ந்தது.

மூன்றாவது, பாரீசின் நோத்ர தாம் பேராலயம். 2010-இல் ஆண்ட்ரூ டாலன் என்னும் அமெரிக்கப் பேராசிரியர், ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் லேசர் கருவியை நிறுத்தி, நூறு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளாக அவ்வாலயத்தை அளந்துவைத்தார். கட்டியோர் எங்கே தடுமாறினர், எந்தத் தூண் சாய்ந்தது என அறிந்து அவர்களின் மனத்தைப் புரிந்துகொள்வதே அவரது நோக்கமாயிருந்தது. 2018-இல் அவர் இறந்தார். 2019 ஏப்ரல் 15-ஆம் நாள் ஆலயக் கூரை தீக்கிரையாயிற்று. அவரது அளவைகளும் பிறர் எடுத்த அளவைகளும் சீரமைப்போர் கைக்குச் சென்றன. ஆனால் அங்கே என்ன செய்தனர் என்பதைக் கவனியுங்கள். ஓக் மரங்களை வெட்டிக் கோடரியால் கைப்படச் செதுக்கினர் தச்சர். சிதைந்த சிற்பங்களுக்கு ஈடாகச் சிற்பிகள் உளியெடுத்துப் புதியன செதுக்கினர். 2024 டிசம்பரில் ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது. கணினிப் படி அங்கே காட்சிப் பொருளாகவில்லை. வேலை செய்யும் கைகளுக்குத் துணையாயிற்று. இரு அளவுகோல்களிலும் இதுவே தேறுகிறது.

நம் நாட்டிலும் இத்தகைய பணி நடந்துள்ளது. நம் சட்டைப் பையில் உள்ள புதிய நூறு ரூபாய்த் தாளின் பின்புறத்தைப் பாருங்கள். அதில் உள்ள குசராத்தின் ராணி கீ வாவ் என்னும் படிக்கிணறு, தளம் தளமாகச் சிற்பங்கள் செறிந்தது. 2011-இல் இசுகாட்லாந்து நாட்டு நிபுணர்கள் இந்தியத் தொல்லியல் துறையுடன் சேர்ந்து அதனை லேசரால் அளந்தனர். பல நூற்றாண்டுகளாக வண்டல் மண்ணில் புதைந்து கிடந்ததால்தான் அச்சிற்பங்கள் கூர்மை மாறாமல் நமக்குக் கிடைத்தன. வெளிச்சத்திற்கு வந்த கல் அன்றுமுதல் தேயத் தொடங்குகிறது. ஆகவே அளந்துவைப்பது அறிவுடைமை.

புகழ்பெற்ற சின்னங்களுக்கு அளப்போர் கிடைத்துவிடுகின்றனர். நம் புறநகர்ப் பகுதியின் கதை வேறு. பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளின் கல் உலகப் புவியியலில் பெயர் பெற்றது. கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இப்பகுதியிலிருந்து சென்ற கல் என அறிந்த ஹாலந்து என்னும் புவியியலார், அவ்வகைப் பாறைக்குச் சார்னோக்கைட் எனப் பெயரிட்டார். பல்லாவரத்துக் குன்றில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த குடைவரை இன்று இசுலாமியச் சகோதரரின் தொழுகையிடமாக உள்ளது. கிழக்குத் தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில், தேனுபுரீசுவரர் கோவிலின் சோழர்காலத் தூங்கானை மாட விமானமும், புடைப்புச் சிற்பங்கள் நிறைந்த மண்டபத் தூண்களும் தொல்லியல் துறையின் காவலில் உள்ளன. இவற்றுக்கு இடையே, எவருடைய பட்டியலிலும் இடம்பெறாத சிற்றாலயங்கள், கல்லறைகள், நடுகற்கள் எத்தனையோ. அவற்றின் அணிவேலைகளை அழிப்பதற்குத் தீவிரவாதிகள் வரவேண்டியதில்லை. எனாமல் வண்ணம் பூசுவோர் போதும். மணலைப் பீய்ச்சிக் கல்லைச் 'சுத்தம்' செய்வோர் போதும். விழாவுக்கு முன் எல்லாம் புத்தம் புதிதாகத் தோன்றவேண்டும் என விரும்பும் பங்குத் தந்தையர் போதும்.

இங்கே நம் குற்றத்தைச் சொல்லியாகவேண்டும். 2006-ஆம் ஆண்டு இப்பகுதியின் பங்கு ஒன்றில் பணியாற்றினோம். அங்கே சிற்றாலயத்தின் நுழைவில், சுவரையொட்டி, எண்பட்டை வடிவக் கல் திருமுழுக்குத் தொட்டி ஒன்று இருந்தது. எட்டு முகங்களிலும் சிற்பங்கள் இருந்தன. உயிர்ப்பின் நாளை எட்டாம் நாளாகக் கொள்ளும் பழைய மரபு அதன் வடிவில் இருந்தது; குருமடத்தில் இதனை நாம் கற்றிருந்தோம். ஆயினும் ஆலயத்தை விரிவாக்கியபோது, தொட்டி இடத்தை அடைக்கிறது என்றனர். பளிங்கில் புதிதாக ஒன்று தர ஒரு குடும்பமும் முன்வந்தது. பங்குப் பேரவை ஒப்பியது; நாம் கையொப்பமிட்டோம். பழைய தொட்டி உடைபட்டுத் தரை நிரப்பக் கொட்டப்பட்டது. நம் உடைமைப் பதிவேட்டில் அதைப்பற்றி இருந்தது ஒரே வரி: 'திருமுழுக்குத் தொட்டி, ஒன்று'.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், அப்பங்கில் பிறந்து பொறியியல் கற்ற இளைஞர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். வீடு வீடாகச் சென்று, குழந்தைகளின் திருமுழுக்கு விழாவில் தொட்டியருகே நின்று எடுத்துக்கொண்ட படங்களை நாற்பதுக்குமேல் சேர்த்திருந்தார். அவற்றைக் கொண்டு, தரைக்கல்லின் அளவை அளவுகோலாக வைத்து, மாதக்கணக்கில் உழைத்துத் தொட்டியைக் கணினியில் எழுப்பியிருந்தார். பார்த்தபோது நம் கண் நிறைந்தது. தாமரை, திராட்சைக் கொடி, புறா, நங்கூரம், அலை என ஐந்து முகங்கள் திரும்பி வந்திருந்தன. சுவர்ப்பக்கத்து மூன்று முகங்கள் எந்தப் படத்திலும் விழவில்லை. மென்பொருள் அவற்றை வழவழப்பாக மூடிவைத்திருந்தது.

"ஃபாதர், சுவத்துப் பக்கம் மூணு முகம் இருந்துச்சே, அதுல என்ன இருந்துச்சு?" என்று கேட்டார் அவர். நான்கு ஆண்டுகள் அத்தொட்டியருகே நின்று குழந்தைகளின் நெற்றியில் நீர் வார்த்த நமக்கு விடை தெரியவில்லை. ஒருமுறையேனும் குனிந்து பார்த்ததில்லை.

இருவருமாக அப்பங்கின் மூதாட்டி ஒருவரைச் சென்று கண்டோம். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஒரு பக்கம் மீன் இருந்துச்சு சாமி. சின்னதுல பூசை நேரத்துல தொட்டிக்குப் பின்னாடி கைய விட்டுத் தடவிப் பாப்பேன். செதில் செதிலா கையில தட்டுப்படும்." கண்ணால் அவர் அதைக் கண்டதில்லை. எந்த ஒளிப்படக் கருவியும் காணாததை ஒரு சிறுமியின் விரல் அறுபது ஆண்டுகளாக நினைவில் வைத்திருந்தது.

இளைஞருக்கு ஒரே மகிழ்ச்சி. அழகியதொரு மீனைச் செதில்களோடு வரைந்து அம்முகத்தில் பொருத்திவிடலாம் என்றார். நாம் தடுத்தோம். "தம்பி, அம்மா தொட்ட மீன் வேறு, நாம் வரையும் மீன் வேறு. அந்த முகத்தை வெறுமையாகவே விடுவோம்" என்றோம். அவருக்கு முதலில் வருத்தம்தான். பின்னர் அவரே அம்மூன்று முகங்களையும் சாம்பல் நிறத்தில் விட்டு, ஒன்றின் கீழ், இங்கே மீன் உருவம் இருந்ததாகப் பங்கின் மூதாட்டி ஒருவர் தொட்ட நினைவிலிருந்து கூறுகிறார் என எழுதிவைத்தார். அதைவிட நேர்மையான படியை நாம் இதுவரை கண்டதில்லை. ஆயினும் அதில் எவருக்கும் திருமுழுக்கு அளிக்க முடியாது. திரையில் அத்தொட்டியைக் காணுந்தோறும், கல் இருந்தபோது செய்யவேண்டியதைக் கல் போனபின் செய்தோம் என்னும் உண்மை நம்மைக் குத்துகிறது.

இதில் நாம் அறியாமையைச் சாக்காகச் சொல்ல இயலாது. 1963-இல் வெளிவந்த திருவழிபாடு பற்றிய சங்க ஏடு, விலைமதிப்புள்ள திருக்கலைப் பொருள்கள் அழியவோ சிதறவோ விடலாகாது என ஆயர்களுக்கு அறிவுறுத்தியுள்ளது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1283-ஆம் விதி, பண்பாட்டு மதிப்புள்ள பொருள்களின் விரிவான பட்டியலை வரைந்து வைக்கக் கேட்கிறது. பழமையாலோ கலையாலோ வணக்கத்தாலோ சிறந்த திருவுருவங்களை, ஆயர் போன்ற உரிய தலைவரின் எழுத்து மூலமான அனுமதியின்றிச் செப்பனிடலாகாது என 1189-ஆம் விதி கூறுகிறது. 'ஒன்று' என எழுதிய வரி விரிவான பட்டியலாகாது. கணினிப் படி அப்பட்டியலுக்கு வாய்த்த நல்ல துணை என்றே இன்று கருதுகிறோம்.

ஆகவே பங்கு மக்களுக்கும் நம்போன்ற குருக்களுக்கும் சில சொல்வோம். ஆலயத்தில் எதையேனும் இடிக்கும் முன், பூசும் முன், பெயர்க்கும் முன், படி எடுங்கள். விலையுயர்ந்த கருவி தேவையில்லை. நல்ல செல்பேசியும் மேகமூட்டமுள்ள ஒரு காலைப்பொழுதும் பொறுமையும் போதும். அருகில் அளவுகோலை வையுங்கள். சுவர்ப்பக்கத்தையும் எடுங்கள். தேய்ந்த எழுத்துக்குக் கருவியை அசையாமல் நிறுத்தி, விளக்கை மட்டும் பக்கவாட்டில் இடம் மாற்றி மாற்றிப் பல படங்கள் எடுங்கள். சாய்ந்த ஒளியில் மங்கிய கோடும் எழுந்து தெரியும். மூலப் படங்களை அழிக்காமல் மறைமாவட்ட ஆவணக் காப்பகத்தில் ஒரு படியும் பங்கில் ஒரு படியும் வையுங்கள். எந்நாளில், எவர், எக்கருவியால் எடுத்தார், எவ்விடம் காணப்படவில்லை என்பதையும் எழுதிவையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, 'படி எடுத்தாயிற்று, இனி உடைக்கலாம்' என்னும் சொல்லுக்கு இடம் கொடாதீர்கள். படி எடுப்பது கல்லைக் கைவிடுவதற்கான அனுமதிச் சீட்டாகிவிட்டால், எடுக்காமல் இருப்பதே மேல்.

தொடுதலும் கல்லைத் தேய்க்கிறதே எனச் சிலர் கேட்பர். உண்மை. பக்தரின் முத்தமும் எண்ணெயும் மெழுகுதிரிப் புகையும் நூற்றாண்டுகளில் சிற்பத்தை மழுக்குகின்றன. அதனால்தான் சில இடங்களில் கண்ணாடியும் தடுப்பும் தேவையாகின்றன. தொட முடியாத நிலை வரும்போது, நல்ல படி ஒன்று தொடுதலுக்கு ஓரளவு ஈடு செய்யலாம். பார்வையற்ற சகோதரர்களுக்கு அப்படியிலிருந்து அச்சிட்டெடுத்த உருவம் விரலுக்குச் சிற்பத்தைக் காட்டலாம். தோமையாருக்கு ஆண்டவர் மறுக்காததை அவர்களுக்கு நாம் மறுக்கலாகாது.

மலைச் சிலுவைக்கே திரும்புவோம். 1929-இல் வெளியான வின்க்வொர்த் என்னும் அறிஞரின் வாசிப்பின்படி, அதன் எழுத்துகள் நீண்ட வரலாறு எதையும் கூறவில்லை. இக்கல்லைச் செதுக்கிய ஒரு மனிதனைப் பெயர் சொல்லி, அவன்மேல் இரக்கம் கொள்ளுமாறு கிறிஸ்துவை வேண்டும் சிறு மன்றாட்டே அது. பஹ்லவியில் ஒரே குறி பல ஒலிகளுக்கு நிற்பதால், பின்வந்த அறிஞர்கள் பெயரையும் ஓரிரு சொற்களையும் வேறாகப் படிக்கின்றனர். எவ்வளவு நுட்பமான கணினிப் படியும் அந்த ஐயத்தை முழுதும் தீர்க்காது. கோடுகளைத் தெளிவாகக் காட்டும், படிக்கும் பொறுப்பை நமக்கு விட்டுவிடும். ஆயினும் இரக்கம் வேண்டும் மன்றாட்டு என்பது நிலைத்துவிட்டது.

பண்டிதர் கட்டிய பெருங்கதையைவிட இச்சிறு மன்றாட்டு நமக்கு உகந்ததாயிருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதன் கல்லில் தன் உழைப்பை வைத்து, அதன் ஓரத்தில் தனக்காக ஒரு வேண்டுதலையும் வைத்தான். நம் பழைய பங்கின் தொட்டியில் மீனைச் செதுக்கியவர் பெயரைக்கூட வைக்கவில்லை; வைத்திருந்தால் அது சுவர்ப்பக்கத்தில் இருந்திருக்கும், நாம் பார்த்திருக்கமாட்டோம். கடந்த டிசம்பர் 18-ஆம் நாள், 1558-இல் சிலுவையில் குருதி வியர்த்ததாக மரபு நினைவுகூரும் அந்நாளில், மலைப்படிகளில் ஏறிச் சென்று பீடத்தின்முன் நின்றபோது, பெயர் தெரியாத அந்தக் கல்தச்சருக்காகவும், அவர் வேலையை உடைக்கக் கையொப்பமிட்ட நமக்காகவும் அதே மன்றாட்டைச் சொல்லிவிட்டு இறங்கினோம்.